தொண்ணூறு நாள் கணக்கு

"எப்போ ஜாயின் பண்ணுவீங்க?"

நேர்காணலின் கடைசிக் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஆண்களிடமும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்கள் தங்கள் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பார்த்து, விரல் விட்டு எண்ணி, ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார்கள். பெண்கள் அந்த ஒரு தேதியைச் சொல்வதற்கு முன் மனதுக்குள் நான்கைந்து காலண்டர்களைப் புரட்டியாக வேண்டும். பிள்ளையின் பரீட்சை, மாமனாரின் கண் ஆபரேஷன், கணவரின் வெளியூர்ப் பயணம், வேலைக்கு வரும் அக்கா ஊருக்குப் போகும் ஆடி மாதம் என்று எல்லாத் தேதிகளையும் தாண்டி ஒரு திங்கட்கிழமையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். சென்னையில் பதினைந்து வருடங்களாகச் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். யார் வேலையை விட்டாலும் அவர்களுடைய கடைசிக் கணக்கு, அதாவது 'ஃபுல் அண்ட் ஃபைனல்', என் மேசைக்குத்தான் வரும். சேர்ந்த தேதி, ராஜினாமா கொடுத்த தேதி, கடைசி வேலை நாள் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் எல்லாப் பணமும் முடிவாகும். ஒருவர் எதற்காகப் போகிறார் என்பதைக் கேட்பது என் வேலை இல்லை. ஆனால், அந்த மூன்று தேதிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தால் நிறைய விஷயங்கள் தானாகவே புரிய ஆரம்பிக்கும். என் மேசைக்கு வந்த ஆண்களின் ராஜினாமாக்கள் போனஸ் வந்த மறு வாரத்தில் குவியும். பெண்களுடையவை ஏப்ரல், மே மாதங்களில் வரும். பள்ளிக்கூடம் மூடும் காலம் அது. குடும்பம் வீடு மாற்றும் காலமும் அதுதான்.

முதலில் இந்த நோட்டீஸ் பீரியட் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்து முதல் வேலைக்குப் போகும் பெண்கள் ஆஃபர் லெட்டரில் சம்பளம் எழுதியிருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். விலகுவது பற்றிய பகுதி பின்னால் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் சர்வசாதாரணம். மற்ற இடங்களில் 30 அல்லது 60 நாள். அத்தனை நாள் இருந்து பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கட்ட வேண்டும். இதை 'பை அவுட்' என்பார்கள். சில ஒப்பந்தங்களில் இரண்டாவது வழியே இருக்காது. நிறுவனம் விரும்பினால் மட்டும் முன்கூட்டி விடுவிக்கலாம் என்று எழுதியிருக்கும். கட்ட வேண்டிய தொகை அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்பதையும் பார்க்க வேண்டும். நாம் கட்டும்போது மொத்தச் சம்பளம், நம் மிச்ச விடுப்புக்கு அவர்கள் பணம் தரும்போது அடிப்படைச் சம்பளம் என்று எழுதியிருந்த ஒப்பந்தங்களை நானே கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விருப்பமில்லாத ஒருவரை உட்கார்ந்து வேலை செய் என்று நம் நாட்டு நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. நிறுவனத்தால் பணம் கேட்க முடியும், அவ்வளவுதான். ஆனால் 'ரிலீவிங் லெட்டர்' அவர்கள் கையில் இருக்கிறது. அது இல்லாமல் அடுத்த நிறுவனம் யோசிக்கும். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் எல்லோரும் 90 நாளும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம். மறுபக்கம் நிறுவனம் நம்மை அனுப்ப எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும்? 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது, நீக்கும்போது ஒரு மாத நோட்டீஸோ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும் என்கிறது. நாம் விலக மூன்று மாதம், நம்மை விலக்க ஒரு மாதம்.

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. இனி பெண்களுக்கு வருவோம்.

ஒரு காலத்தில் பெண்ணின் கடைசி வேலை நாளை விதிப்புத்தகமே எழுதி வைத்திருந்தது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியில் இருக்கும் பெண் திருமணம் செய்துகொள்ள அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், திருமணத்துக்குப் பின் குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்றொரு விதி இருந்தது. முத்தம்மா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தப் பாகுபாட்டைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு எழுதினார். ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் முதல் முறை கர்ப்பமானாலே ஓய்வுபெற வேண்டும் என்று இருந்த விதியை 1981இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், சேர்ந்து நான்கு வருடத்துக்குள் திருமணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை அதே தீர்ப்பு சரி என்றது.

எல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நான் சம்பளப் பிரிவில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித்தந்த விதிகளில் ஒன்று பி.எஃப். பற்றியது. வேலையை விட்ட ஒருவர் பி.எஃப். பணத்தை எடுக்க இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. 1952ஆம் ஆண்டின் திட்டம் இதற்கு ஒரு விலக்குத் தந்தது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சலுகையாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். திருமணம் ஆனால் பெண் வேலையை விடுவாள், அவள் பணம் உடனே வேறெதற்கோ தேவைப்படும் என்பது எவ்வளவு இயல்பாக எழுதப்பட்டிருக்கிறது! திருமணத்துக்காக வேலையை விடும் ஆணுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. அப்படி ஓர் ஆளை யாரும் கற்பனைகூடச் செய்யவில்லை.

அந்தப் பணத்தை எடுக்காமல் அடுத்த நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்வேன். பி.எஃப். ஓய்வூதியம் கிடைக்கப் பத்து வருடச் சேவை வேண்டும். இடையில் எடுத்தால் பழைய வருடங்கள் போய்விடும். "நகை வாங்கணும்னு அப்பா கேக்குறாருக்கா" என்று தயங்கிக்கொண்டே படிவத்தை நீட்டிய பெண்கள் பலர்.

தேதி எப்படிப் பணமாகிறது என்பதற்கு இரண்டு பெண்களைச் சொல்கிறேன்.

முதலாமவள் என் பக்கத்து மேசைத் தோழி. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் அலுவலகம். அவள் சேர்ந்து நான்கு வருடம் ஐந்து மாதம் ஆனபோது கணவருக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. 60 நாள் நோட்டீஸ் கொடுத்தாள். கிராஜுவிட்டி கிடைக்க ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும் என்றது 1972ஆம் ஆண்டின் சட்டம். நான்கு வருடம் முடித்து ஐந்தாவதில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. நோட்டீஸ் நாட்களும் சேவைதான். அவள் கணக்கு நான்கு வருடம் ஏழு மாதத்தில் நின்றது. கடிதத்தை ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால் 240ஐத் தாண்டிவிடலாம். அடிப்படைச் சம்பளம் 26,000 ரூபாய். அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய்.

காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுநாள் வந்து, "ஒரு மாசத்துக்கு ரெண்டு ஊர்ல வாடகை கட்டணுமான்னு கேக்குறார்டி. அவர் ஒண்ணாம் தேதி அங்க சேர்ந்தாகணுமாம்" என்றாள். அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய ஒண்ணாம் தேதியை அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியுமா என்று யாரும் அந்தப் புது நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கவில்லை. அவள் கடைசிக் கணக்கில் கிராஜுவிட்டிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டது என் கைதான்.

இரண்டாமவள் 2019இல் என்னோடு வேலை செய்தவள். பதினாறு வாரக் கர்ப்பம். கையில் நல்ல ஆஃபர். இங்கே 90 நாள் நோட்டீஸ். மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 80தான்.

இருவரும் டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டோம். நாற்பது வாரம் என்றால் 280 நாள். பதினாறு வாரம், 112 நாள், போய்விட்டது. நோட்டீஸ் 90 நாள். மீதி 78. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் பிரசவ நாள் வரைக்கும் புது அலுவலகத்துக்குப் போனாலும் இரண்டு நாள் குறைகிறது. தொண்ணூறு நாள் என்று எழுதியவருக்கு இப்படி ஒரு வயிறு ஞாபகத்தில் இருந்திருக்காது.

முன்கூட்டி விடுவிக்கக் கேட்டாள். "புராஜெக்ட் முடியற நேரம்" என்றார் மேலாளர். இறுதியில் 45 நாள் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போனாள். புது நிறுவனத்திடம் கர்ப்பத்தை மறைக்காமல் சொன்னாள். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் வரச் சொன்னார்கள். வாரம் ஐந்து நாள் அலுவலகம், 80 நாள் சேர்வதற்குப் பதினாறு வாரம் பிடித்தது. பிரசவத்துக்குச் சில நாள் முன்புவரை மாடி ஏறி இறங்கினாள். 26 வாரச் சம்பளமும் கிடைத்தது. "ஒன்றரை மாசச் சம்பளத்தைக் கட்டி ஆறு மாசச் சம்பளத்தை வாங்கினேன்" என்று சிரித்தாள். அவளிடம் கட்டுவதற்குச் சேமிப்பு இருந்தது. இல்லாத பெண்ணின் நிலை என்ன?

என் கதைக்கும் வருகிறேன். என் முதல் நிறுவனத்தில் நான் சேர்ந்தது 2009 ஜூன் 1. அடுத்த வேலை 2014 ஏப்ரல் தொடக்கத்தில் கிடைத்தது. அவர்கள் மே மாதமே வரச் சொன்னார்கள். ஜூன் 9க்கு முன் முடியாது என்று சொன்னேன். 60 நாள் நோட்டீஸ் ஜூன் 6 வெள்ளிக்கிழமை முடிந்தது, ஐந்து வருடமும் ஆறு நாட்களும் கணக்கில் ஏறின. இந்தத் தேதியை வீட்டில் சொன்னபோது, "ஏன், ஒரு வருஷம் சும்மா இருந்து குழந்தையைப் பாத்துக்கோயேன், வேலை எங்க ஓடிப் போகுது" என்றார் அத்தை. அதே வருடம் என் கணவரும் வேலை மாறினார். அவரிடம் எல்லோரும் "எப்போ சேரணும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

அடுத்த மாற்றம் 2019இல், 90 நாள் நோட்டீஸ். ஐம்பதாவது நாள் மகளுக்கு அம்மை போட்டது. அப்போது அவளுக்கு ஆறு வயது. வேப்பிலை கட்டி, வீட்டோடு இருந்து, ஒன்பது நாள் விடுப்பு எடுத்தேன். நோட்டீஸ் காலத்தில் விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் கடைசி நாளைத் தள்ளிப்போடும் விதி பல நிறுவனங்களில் உண்டு. எனக்கும் தள்ளிப் போனது. புது இடத்துக்குத் தகவல் சொன்னேன். தொலைபேசியில் பேசிய இளைஞர் மிகவும் மரியாதையாக, "இனிமே இந்த மாதிரி அடிக்கடி வருமா மேடம்?" என்று கேட்டார். அம்மை ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரு முறைதான் வரும் என்று பதில் சொன்னேன். அவர் கேட்டது அம்மையைப் பற்றி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். மகளின் தகப்பனும் அன்று வேலைக்குப் போகும் மனிதர்தான். அவர் எடுத்தது இரண்டு நாள் விடுப்பு. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் இடையில் கிடைக்கும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை மாறும் ஆண் நண்பர்கள் அந்த ஒரு வாரத்தில் மூணாறு போவார்கள், கோவா போவார்கள். பெண்களுக்கு அந்த வாரம் பரண் சுத்தம் செய்ய, தையற்காரரிடம் போக, பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க, மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போக. "அதான் லீவுல இருக்கியே" என்ற ஒரு வாக்கியம் போதும், ஏழு நாளும் கரைந்துவிடும். என் தோழி ஒருத்தி இதற்கு வழி கண்டுபிடித்தாள். புது வேலையில் சேரும் தேதியை வீட்டில் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னாள். திங்கள் காலை எட்டரைக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் இரண்டு நாள், பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு நாள், மீதி இரண்டு நாள் பகல் காட்சி. மாலை ஆறரைக்கு வீடு. "முதல் வாரம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்ட கணவரிடம், "ரொம்ப நல்ல இடம்" என்றாளாம். இதைக் கேட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு யாருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஐந்து நாள் ஓய்வுக்கு ஒரு பெண் வேலைக்குப் போவதுபோல் நடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் எல்லோருடைய சேரும் தேதிக்கும் அடியில் இன்னொரு பெண்ணின் நேரம் இருக்கிறது. 2019இல் என் புது அலுவலகம் சோழிங்கநல்லூர். காலை எட்டுக்கே கிளம்ப வேண்டும். சமையலுக்கு வரும் அக்கா ஏழு மணிக்கு வந்துகொண்டிருந்தார். அவர் ஆறு மணிக்கு வந்தால்தான் நான் சேர முடியும். ஆறு மணிக்கு வர வேண்டுமென்றால் அவர் தன் மகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலையை யாரிடம் விடுவது? என் ஆஃபர் லெட்டரில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. உண்மையில் அவரும் ஒத்துக்கொண்டால்தான் அது செல்லும்.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குத் தமிழ்நாட்டில் 2007இல் நல வாரியம் அமைந்தது. ஆனால் எந்த வீட்டிலும் அவர்களுக்கு ஆஃபர் லெட்டர் இல்லை, நோட்டீஸ் பீரியட் இல்லை. "நாளையிலேருந்து வர வேண்டாம்" என்று ஒரே வாக்கியத்தில் அனுப்புகிறோம். அவர்கள் அதே போல் நின்றுவிட்டால், "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறோம். அக்காவோடு உட்கார்ந்து பேசினேன். ஆறரைக்கு வருவார், காலை வேளைக்குக் கூடுதல் சம்பளம், காய்கறியை நானோ கணவரோ இரவே நறுக்கி வைக்க வேண்டும். யார் நிறுத்துவதானாலும் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். நான் சொல்லத் தவறினால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். "நான் சொல்லத் தவறினா?" என்று கேட்டார். "உங்களால முடிஞ்சப்ப சொல்லுங்கக்கா" என்றேன். என்னால் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க முடியும், அவரால் முடியாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு நாள் என்பது எப்போதும் சமம் ஆகிவிடாது.

முதல் வேலைக்குப் போகப்போகும் தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கையெழுத்துப் போடும் முன் விலகும் விதியைப் படியுங்கள். அதிக நாள் என்றால் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் பணம் கட்டி விலகும் வழியையாவது எழுதி வாங்குங்கள். சேர்ந்த தேதியை எங்காவது குறித்து வையுங்கள். ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பி, கடைசி நாள் எது என்று பதிலில் உறுதி செய்துகொள்ளுங்கள். புது வேலையின் கடிதம் கைக்கு வராமல் பழைய வேலையை விடாதீர்கள். உங்கள் பெயரில் மூன்று மாதச் சம்பளம் வங்கியில் இருக்கட்டும். நகையாக வேண்டாம், கூட்டுக் கணக்கிலும் வேண்டாம்.

தேதியை முதலில் அலுவலகத்தில் பேசி முடித்துவிட்டு, பிறகு வீட்டில் சொல்லுங்கள். "இந்தத் தேதியில் சேரட்டுமா?" என்று கேட்க வேண்டாம். "இந்தத் தேதியில் சேர்கிறேன். அன்றைக்குப் பிள்ளையை யார் பள்ளியில் விடுவது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேட அவர்களுக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். தொண்ணூறு நாள் போதுமானது.